மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே

நெதர்லாந்தின் குரோனிங்கன் நகர மனநல மருத்துவமனையில் வீட்ஸ்கவுக்கும் எனக்கும் இருபத்தாறு வருடமாக அடுத்தடுத்த மேசை. நோயாளிகள் நிரப்பித் தரும் கேள்வித்தாள்களுக்கு மதிப்பெண் போடுவது எங்கள் வேலை. பென்சில் சீவவே அவளுக்குப் பத்து நிமிடம் ஆகும். நான் கிண்டல் செய்யாத நாள் குறைவு.

ஒவ்வொரு ஜனவரியும் அவள் தனக்கும் ஒரு தாள் நிரப்பிக்கொள்வாள். ஒழுங்கு, பிடிவாதம், சரிபார்ப்பு என்று எட்டுக் கேள்விகள். நான்குக்கு ‘ஆம்’ என்றால் ஆளுமைக் கோளாறு. மூன்று என்றால் வெறும் சுபாவம். அவளுக்கு எப்போதும் மூன்றுதான். அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வரும். ஒரு பதில் பொய் என்று எனக்குத் தெரியும். ‘உங்கள் ஒழுங்கினால் யாராவது விலகியதுண்டா?’ என்பதற்கு ‘இல்லை’ என்று எழுதுவாள். தன் அக்காள் காபி குடித்து முடிக்குமுன் கோப்பையைப் பிடுங்கிக் கழுவியவள் அவள். அதன் பிறகு பதினோரு வருடமாக அக்காள் வரவே இல்லை.

இந்த வருடம் புதுத்தாள் வந்தது. உளவியலாளர் யோரிட் விளக்கினார்.

“இனிமே நாலு, மூணுன்னு கோடே கிடையாது.”

“அப்ப நான் எந்தப் பக்கம்?” வீட்ஸ்க கேட்டாள்.

“பக்கமே இல்லைங்க. இந்த ஒழுங்கு எனக்கும் இருக்கு, வார்டுல இருக்கிறவங்களுக்கும் இருக்கு. அளவுதான் வேற. வாழ்க்கையை எவ்வளவு முடக்குதுன்னு பார்ப்போம். உதாரணமா, போன பிறந்தநாளுக்கு வீட்டுக்கு யார் வந்தாங்க?”

எங்கள் ஊரில் பிறந்தநாளுக்கு வருகிறவர்களுக்கு வட்டமாக நாற்காலி போடாத வீடு கிடையாது. அவள் முகம் வெளுத்துவிட்டது.

“ஹில்யா, பயமா இருக்குடி,” என்றாள் வெளியே வந்ததும்.

“நீ பென்சில் சீவுற சத்தம் கேக்கலைன்னா எனக்கு வேலையே ஓடாது. நானும் அந்த அளவுல எங்கயாவது இருப்பேன்.”

“விளையாடாத. வியாழக்கிழமை பிறந்தநாள். வர்றியா?”

போனேன். ஆறு நாற்காலிகள் வட்டமாக. ஆட்கள் நாங்கள் இருவர். ஆப்பிள் கேக்கின் துணுக்கு ஒன்று கம்பளத்தில் விழுந்தது. அவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டாள். கண் மட்டும் என் கோப்பையை விட்டு நகரவில்லை. அவள் எழுந்து அதைப் பிடுங்கினால் நானும் அக்காள் மாதிரி போய்விடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது.

“குடிச்சிட்டியா?”

“இல்லடி, இன்னும் இருக்கு.”

“சரி. மெதுவா குடி.” அவள் நெற்றியில் வியர்வை.

கோப்பை எப்போதோ காலி. நான் அதை மறுபடி தூக்கிக் குடித்தேன்.