பேய்க்குக் கிட்டப்பார்வை

பதினேழு வயதில் நான் ஒரு பேய் நாவல் எழுதினேன். விடுதி மாடியிலிருந்து ஒரு மாணவியை யாரோ தள்ளிக் கொன்றுவிடுகிறார்கள். அத்தியாயத்துக்கு ஒருவராகக் கதையைச் சொல்வார்கள். நடுநடுவே செத்தவளும் பேயாக வந்து சொல்வாள். திருப்பூரில் பனியன் லேபிள் அச்சடிக்கும் கடையில் இருந்த அக்கா, வேலை இல்லாத நேரத்தில் அதைக் கம்ப்யூட்டரில் டைப் செய்து தந்தார். பாதியில் நிறுத்திவிட்டார்.

"ஏங்கண்ணு, செத்த புள்ளையே பேசுது. கொன்னது யாருன்னு அதுக்குத் தெரியாதா?"

"பின்னாலிருந்து தள்ளிட்டாங்கக்கா."

"பேயானதுக்கப்பறமாச்சும் திரும்பிப் பாத்திருக்கலாமல்ல?"

இரண்டு நாள் யோசித்து, அவளுக்குக் கிட்டப்பார்வை என்றும், விழுந்தபோது கண்ணாடி உடைந்துவிட்டது என்றும் எழுதிக்கொண்டு போனேன்.

அக்காவுக்கு அதிலும் சந்தேகம். "செத்தா பார்வை சரியாயிராதா?"

லேபிளுக்காகக் காத்திருந்த ஒரு கம்பெனி மேனேஜர் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"ஆகாதுங்க. எங்கப்பா போய்ச் சேந்து ஆறு வருசமாச்சு. இன்னும் கனவுல கண்ணாடி போட்டுத்தானுங்க வர்றாரு."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு டைப் செய்ய ஆரம்பித்தார். நாவல் முடியும்வரை அந்தப் பேய் யாரையும் அடையாளம் தெரியாமல், எல்லோரிடமும் மரியாதையாக நடந்துகொண்டது.