மிச்ச மருந்து

சூரியகாந்தி போட வேண்டும் என்று அடம்பிடித்தது நான்தான். பரளச்சிப் பக்கம் எங்களுக்கு இருந்தது ஒரே துண்டுக் கரிசல். "இந்த வெள்ளாமையும் வெளங்கலேன்னா அருப்புக்கோட்டைக்குப் போயி தறி ஓட்ட வேண்டியதுதான்" என்று வீட்டுக்காரர் முடிவாகச் சொல்லிவிட்டார். தறிச் சத்தம் எனக்கு ஆகவே ஆகாது. ஊரை விட்டுப் போகவும் மனமில்லை.

பக்கத்துக் காடு என் ஓரகத்தியுடையது. அவள் அந்த வருஷம் ஒட்டுரகப் பருத்தி போட்டிருந்தாள். முன்பெல்லாம் பருத்திக்கு நடுவே உளுந்தும் வரப்போரம் ஆமணக்கும் நிற்கும். புது விதைக்கு அதெல்லாம் இடைஞ்சல் என்று யாரோ சொல்ல, பருத்தியை மட்டும் தனியாக விட்டாள். புழு விழுந்தது. வாரம் தவறாமல் மருந்து அடித்தாள். செடியில் எது வந்து உட்கார்ந்தாலும் அவளுக்குப் பகைதான்.

மார்கழியில் என் பூக்கள் மலர்ந்த நேரம் பார்த்து நரிக்குடியில் அம்மாவுக்குக் காய்ச்சல். போய்விட்டுத் திரும்பினால், பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ஓரகத்தி சந்தோஷமாக எதிரே வந்தாள்.

"ஏத்தா, ஒன் பூவு பூராம் பூச்சியா மொய்ச்சுக் கெடந்துச்சு. நீயும் ஊர்ல இல்ல. அதான் மிச்சமிருந்த மருந்த ஒன் காட்டுக்கும் அடிச்சு விட்டுட்டேன்."

கலக்கிய மருந்தைக் கீழே ஊற்ற எங்கள் பக்கம் யாருக்கும் மனசு வராது. அடுத்த காட்டுக்கு அடித்துவிடுவது ஒரு உபகாரம். "நல்லதுக்கா" என்றேன். சூரியகாந்தி எங்களுக்குப் புதுசு. அது காய்பிடிக்கத் தேனீ வேண்டும் என்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மறுநாள் காட்டில் ஒரு ரீங்காரம் இல்லை. கால் வைத்த இடமெல்லாம் செத்த தேனீ. சில நாள் கழித்து விதையை நசுக்கிப் பார்த்தால் உள்ளே பருப்பில்லாத பொக்கு. வந்து பார்த்த விவசாய ஆபீசர், தேனீ செத்ததால்தான் காய்பிடிக்கவில்லை என்று சொல்லி, இனிப் பூக்கும் பூக்களையாவது மெல்லிய துணியைக் கையில் சுற்றித் தினமும் தடவிவிடச் சொன்னார்.

தன் பழைய சேலையைக் கிழித்துக்கொண்டு ஓரகத்தி விடிந்ததும் வந்து நின்றாள். இரண்டு பேரும் பிள்ளைக்கு முகம் துடைப்பது மாதிரி பூப்பூவாகத் துடைத்துக்கொண்டே போனோம். "ஈ பாக்குற வேலைய நாம பாக்குறோம் பாருக்கா" என்று கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை. எனக்கு வயிறு எரிந்ததுதான். ஆனால் நல்லது நினைத்துச் செய்தவளை எந்த வாயால் திட்டுவது?

கடைசியில் பூத்த கொஞ்சம்தான் தேறியது. கிளிகள்கூட வந்து கொத்திப் பார்த்துவிட்டுப் பறந்துவிட்டன. அவள் பருத்தியிலோ மருந்துக்குத் தப்பிய புழு கொழுத்துக் கிடந்தது. தை கழிந்ததும் நாங்கள் அருப்புக்கோட்டைக்கு வந்துவிட்டோம். தறிச் சத்தம் பழகிவிட்டது. காட்டு நினைப்புதான் போகவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள், விதை வாங்க டவுனுக்கு வந்த ஓரகத்தி என்னையும் கடைக்குக் கூட்டிப் போனாள்.

"இனிமே மருந்தே அடிக்க வேணாம்மா" என்றார் கடைக்காரர். "புதுப் பருத்தி வரப்போகுதாம். செடிக்குள்ளயே மருந்து இருக்குமாம். கடிச்ச புழு செத்துப்போகுமாம்."

ஓரகத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"செடிக்குள்ளன்னா, பூவுலயும் இருக்குமா?"

"அது எனக்குத் தெரியாதும்மா."

அவள் எதுவும் வாங்காமல் படியிறங்கினாள். பஸ் ஸ்டாண்டு வரை என் கையை விடவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, ஜன்னல் வழியாகக் குனிந்து சொன்னாள்:

"அன்னைக்கு நீ என்னைய ஒரு வார்த்தை வைஞ்சிருக்கலாம்த்தா."