புளியறை பஸ் ஐந்தருவி போகாது, டீச்சர்

செண்பகம் டீச்சர் போய்விட்டார்.

காலையில் பழைய ஸ்கூல் குரூப்பில் மெசேஜ் வந்தது. எவனோ என் பாணியில் விளையாடுகிறான் என்று நினைத்து, திட்டி ஒரு ரிப்ளைகூட டைப் செய்துவிட்டேன். அனுப்புவதற்குள் அடுப்படியில் உம்மா அழும் சத்தம்...

விளையாட்டு இல்லை.

தெரியாதவர்களுக்கு: தென்காசியில் எனக்கு ஒன்றாம் வகுப்பு எடுத்தவர். சொந்த ஊர் புளியறை. தினமும் பஸ்ஸில்தான் வந்து போவார்.

என்னைத் தெரிந்தவர்களுக்கு ஓர் அதிர்ச்சிச் செய்தி. ஒன்றாம் வகுப்பில் நான் வாயே திறந்ததில்லை. வீட்டில் நான்ஸ்டாப். ஸ்கூல் கேட்டைத் தாண்டினால் மியூட்.

சிரிக்காதீர்கள். உம்மாவுக்கு அப்போது அது சிரிப்பாக இல்லை. வாப்பா துபாயிலிருந்து தினமும் போனில் கேட்பது ஒரே கேள்வி: "இன்னைக்காவது பேசினானா?"

ஹெட்மிஸ்ட்ரஸ் கெடுவே வைத்துவிட்டார். "காலாண்டு லீவுக்குள்ள வாயத் தொறக்கலைன்னா வேற ஸ்கூல் பாத்துக்கிடுங்கம்மா. இங்கன வச்சுப் பாக்க முடியாது."

செண்பகம் டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது எல்லோரும் "உள்ளேன் டீச்சர்" என்று கத்துவார்கள். "அஜ்மல்" என்று என் பெயர் வந்ததும் நிறுத்திக் காத்திருப்பார். ஒருநாள் பெஞ்சில் விரலால் ஒரு தட்டு தட்டினேன்.

நிமிர்ந்து பார்த்தார். "வந்துட்டான்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார். அவ்வளவுதான். அன்றிலிருந்து என் 'உள்ளேன்' அந்தத் தட்டுதான்.

எவனாவது சிரித்தால், "ஏலே, அவன் தட்டுதான், நீ கத்துத. எனக்கு ரெண்டும் நல்லாத்தாம்லே கேக்கு."

சாயங்காலம் உம்மா பீடி சுற்றுவதைப் பாதியில் வைத்துவிட்டு, கையெல்லாம் இலை வாசத்தோடு என்னைக் கூட்டிப்போக வருவார். பஸ் ஸ்டாப்பில் டீச்சரும் நிற்பார். சாரல் நேரம். ஒரே குடைக்குள் இரண்டு பேர், நடுவில் நான்.

"டீச்சர், உங்க பஸ்ஸு போவுது!"

"போவட்டும் அஜ்மல் உம்மா, அடுத்தது வரும். நேத்து வீட்ல என்ன பேசினான்? மொதல்ல அதச் சொல்லுங்க."

"என்னத்தச் சொல்ல... தலவாணிய அடுக்கி பஸ்ஸாக்கி கண்டக்டர் மாதிரி கத்துதான். நான் ஒரு ஊர மாத்திச் சொல்லிட்டாப் போதும், சண்டைக்கு வாரான்."

டீச்சர் சிரித்தார். அப்புறம் குடைக்குள் ஒரே குசுகுசு. என்மேல் கம்ப்ளெயின்ட் போல என்று நினைத்துக்கொண்டேன்.

காலாண்டுப் பரீட்சை நெருங்கிவிட்டது. ஒருநாள் டீச்சர் பெஞ்சுகளை வரிசையாகப் போடச் சொன்னார். பஸ் விளையாட்டு! டீச்சர்தான் கண்டக்டர். தோளில் ஹேண்ட்பேக், வாயில் பி.டி. சாரின் விசில்.

"செங்கோட்டை, புளியறை, ஐந்தருவி! ஐந்தருவியெல்லாம் ஏறு!"

வெளியூர் நண்பர்களே, ஐந்தருவி இருப்பது குற்றாலத்துப் பக்கம். புளியறை செங்கோட்டையையும் தாண்டி, கேரளா போகிற வழி. அருவியில் குளிக்க ஆசைப்பட்டு அந்த பஸ்ஸில் ஏறினால் செக்போஸ்ட்டில் லாரிப் புகையில்தான் குளிக்கலாம்.

எனக்கு உள்ளே கொதிக்கிறது. பெஞ்சைத் தட்டினேன். வழக்கமாக ஒரு தட்டுக்கே நிமிர்கிறவர், அன்று திரும்பவே இல்லை. இன்னும் ஓங்கித் தட்டினேன்.

"என்ன சார், ஐந்தருவிக்கு ஒரு டிக்கெட்டா? இந்தாங்க..."

"டீச்சர்! இந்த பஸ்ஸு ஐந்தருவி போவாது!"

மொத்த வகுப்பும் என் பக்கம் திரும்பியது. டீச்சர் கைதட்டவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. கண்டக்டராகவே நின்று, "அப்படியா சார்? அப்போ எந்த பஸ்ஸு போவும்?" என்று மட்டும் கேட்டார்.

ஆரம்பித்தேன்... இன்னும் நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு வந்த டீச்சர்கள் அத்தனை பேரும் என்னிடம் சொன்னது "வாய மூடுலே" மட்டும்தான்.

இன்று புளியறைக்குப் போகும்போது பஸ்ஸில் உம்மாவிடம் சொன்னேன். "பாவம் உம்மா டீச்சர்... ரூட்டுகூடத் தெரியாம இருந்தாங்கள்லா?"

உம்மா அழுத கண்ணோடு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கூறுகெட்டவனே, தெனமும் இதே ரூட்டுலதான வந்து போனாங்க? அவங்களுக்கா தெரியாது? தப்பாச் சொல்லுங்கன்னு குடைக்குள்ள வச்சு சொல்லிக்குடுத்ததே நாந்தாம்லே. அன்னைக்கி ஜன்னலுக்கு வெளிய ஒளிஞ்சு நின்னு கேட்டேன். ஒங்க வாப்பாக்குப் போனப் போட்டா பேச்சு வரல, அழுகதான் வருது. 'இப்போ நீயும் பேச மாட்டியா'ன்னு மனுசன் பதறிட்டாரு."



ஐந்தருவியில் குரங்குகளுக்கும் டோக்கன் எடுக்கணும் என்று கதைவிட்டு டூரிஸ்ட்டுகளை வரிசையில் நிறுத்தியவன் நான். அந்த என்னையே ஒரு குடைக்குள் நின்று பிளான் போட்டு ஏமாற்றியிருக்கிறார்கள் இரண்டு பேர். இத்தனை வருடமும் மூச்சு விடவில்லை... எப்படி முடிந்தது? நானாக இருந்தால் அன்றைக்கே ஸ்டேட்டஸ் போட்டிருப்பேன்.

புளியறையில் வீட்டு முன்னால் பந்தல். கண்ணாடிப் பெட்டிக்குள் டீச்சர். மூக்குக் கண்ணாடி இல்லாமல் இன்றுதான் பார்க்கிறேன்.

"நீதான் அஜ்மலா? அம்மா ஒன்னைப் பத்திச் சொல்லிக்கிட்டே இருப்பாங்க. ஏதாவது பேசணும்னா பேசுப்பா" என்றார் அவருடைய மகள்.

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

கண்ணாடியில் விரலால் ஒரு தட்டு தட்டினேன்.

பின்னாலிருந்து உம்மா, மெதுவாக: "வந்துட்டான், டீச்சர்."

பத்திரமாகப் போங்க டீச்சர். ரூட்டு உங்களுக்குத் தெரியும்.