கருவாட்டை மூடிய மதியம்

நாகலூர்ச் சந்தையில் இன்று வாங்கிய கருவாட்டின் வாசனை, ஆறு கடலில் சேரும் இடத்தில் சித்தி வாழ்க்கைப்பட்டிருந்த மீனவக் கிராமத்துக்கே என்னைக் கொண்டுபோய்விட்டது. சிறுவயதில் நாங்கள் அங்கே போயிருந்தபோது, மணலில் மீன் காய, படகுகளும் மனிதர்களும் ஒன்றுபோல உறங்கும் மதியத்தில், எஸ்டேட் களத்தில் காப்பிக்கொட்டை காயவைத்தே பழகிய அம்மா மட்டும் அலைச் சத்தத்தை மழையென்று நினைத்துத் திடுக்கிட்டு எழுந்து, படகிலிருந்த தார்ப்பாயை உருவிக்கொண்டு கருவாட்டை மூட ஓடினாள்.

"ஏனுங்க, மழை வருதுங்க! எந்திரிச்சு வாங்க!"

"மழையில்லக்கா, கடலு," என்று சித்தி சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். ஆனால் மறுநாள் மதியமும் ஓடினாள்.

அந்த ஊரைக் கடல் கொண்டுபோய்விட்டது. அம்மாவும் இல்லை. வாசலில் என் காப்பி காய்கிறது. சில்வர் ஓக் மரங்களுக்குள் இரைச்சல் நெருங்கி வருகிறது. மழைதான் என்று தெரிந்தும், கடல்தான் என்று சொல்லிக்கொண்டு எழாமல் கிடக்கிறேன்.