கேள்வி கேட்கும் டாக்டர்

தேயிலை விலை விழுந்து, எஸ்டேட்டில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்று ஆகியிருந்த சமயம். நெல்லியாளம் பக்கத்து எஸ்டேட் ஒன்றின் டிஸ்பென்சரியில் நான் கம்பவுண்டர். செலவைக் குறைக்கிறோம் என்று, வாரம் ஒருமுறை வந்துகொண்டிருந்த டாக்டரைத்தான் முதலில் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு ஊசி, மருந்து, லீவுச் சீட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எல்லாமே நான்தான். ஜனங்கள் என்னை டாக்டரய்யா என்று கூப்பிட்டார்கள். நான் மறுத்ததில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

மாத்திரைப் பொட்டலம் கட்டும்போது என் போனில் ஒரு பாட்காஸ்ட் ஓடும். சென்னையில் இரண்டு பேர், அந்தக் காலத்தில் டி.வி.யில் சக்கைப்போடு போட்ட ஓர் ஆஸ்பத்திரித் தொடரை மறுபடியும் முதலிலிருந்து பார்த்து, வாரம் ஒரு பகுதியைப் பற்றிப் பேசுவார்கள். கடைசியில் நேயர்கள் அனுப்பிய கருத்துகளைப் போடுவார்கள். எனக்கு அந்தக் கடைசிப் பத்து நிமிடம்தான் பிடிக்கும். ஒரே காட்சியைப் பார்த்து ஒருவர் தேம்பித் தேம்பி அழுதேன் என்பார், இன்னொருவர் இதைவிட அபத்தம் உண்டா என்பார். ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒரே கட்சி. வெடுக்கென்று பேசும் இளம் சர்ஜன்தான் ஹீரோ. நோயாளியின் கட்டிலில் உட்கார்ந்து நைநையென்று கேள்வி கேட்கும் வயதான டாக்டர் சரியான அறுவை.

மருந்துக்கு வரிசையில் நிற்கும் கொழுந்து பறிக்கும் பெண்களும் இதையெல்லாம் கேட்டார்கள். பெரும்பாலும் சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள். தொடரைப் பார்க்காதவர்களுக்கு நானே கதை சொன்னேன். வேடிக்கை என்னவென்றால், அத்தனை பேரும் அந்த அறுவை டாக்டர் பக்கம். ஏன் என்று எனக்குக் குடைந்துகொண்டே இருந்தது. தாராளமாக லீவு எழுதித் தருவார் என்று நினைக்கிறார்களோ? ஒரு நாள் கேட்டே விட்டேன்.

வயதான ஒருத்தி சொன்னாள்: "அவரு கேக்குறாருங்க ஐயா. தூங்குனியா, என்னா சாப்பிட்டே, எங்கிட்டு வலிக்குதுன்னு. நீங்க ஒண்ணுதானே கேப்பீங்க, லீவா மாத்திரையான்னு."

வரிசையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். சுருக்கென்றுதான் இருந்தது, ஆனால் பொய்யில்லை. மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும் நேரத்துக்குள் அத்தனை பேரையும் அனுப்பியாக வேண்டும். வேலை மூன்று நாளாகச் சுருங்கிய பிறகோ, கிடைக்கிற நாளையும் விட மனசில்லாமல் யாருமே லீவு கேட்பதில்லை. அதனால் அந்த ஒரு கேள்வியையும் நான் விட்டிருந்தேன். ஆளைப் பார்த்ததும் கை தானாக மாத்திரையை எடுக்கும்.

அவர்கள் கருத்துகளைப் போனில் பதிந்து பாட்காஸ்டுக்கு அனுப்ப ஆரம்பித்தேன். முதல் தடவை அவர்கள் குரல் ஒலிபரப்பானபோது டிஸ்பென்சரி கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. எனக்கும் தலைகால் புரியவில்லை.

அப்புறம் அந்தப் பகுதி வந்தது. ஒரு பெண் தன் நோயைக் கடைசிவரை யாரிடமும் சொல்லாமல் மறைத்துவிடுகிறாள். பயம் என்றார் ஒரு நேயர், வீம்பு என்றார் இன்னொருவர், படிக்காத முட்டாள்தனம் என்றும் ஒருவர். திங்கள்கிழமைதோறும் தலைவலி மாத்திரைக்கு வரும் பெண் அன்று எனக்கு முன்னால் நின்றாள். நாற்பது வயதிருக்கும். போனை அவளிடம் நீட்டி, நீ என்ன சொல்கிறாய் என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள். "அந்தப் பொம்பளை மறைக்கலைங்க ஐயா. ஒருத்தரும் கேக்கலை."

அடடா, பாட்காஸ்டில் போட்டால் பேசப்படும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. பதிவைச் சேமித்துவிட்டு, தயாராக வைத்திருந்த பொட்டலத்தை மேஜை மேல் அவளுடைய இடது கைப்பக்கம் தள்ளினேன். அவள் அதைப் பார்க்கவில்லை. மேஜையில் துழாவினாள்.

"உனக்கு என்னம்மா பண்ணுது?" என்றேன்.

திரும்பி வரிசையைப் பார்த்தாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள். முதலில் வெறும் தலைவலிதானாம். அப்புறம் பல்பைப் பார்த்தால் சுற்றிலும் கலர் கலராக வளையம் தெரிந்ததாம். "இப்ப இடது பக்கத்துச் செடியே தெரியலைங்க. தடவித்தான் கொழுந்து எடுக்குறேன்."

பின்னால் நின்றவர்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை. அவள் தடுக்கி விழாமலிருக்க, இரண்டு மாதமாக அவளுக்கு இடப்பக்கம் மாறி மாறி நின்று பறித்திருக்கிறார்கள். எஸ்டேட்டில் அது தெரியாத ஆள் நான் ஒருவன்தான்.

அன்றைக்கே கடிதம் எழுதி ஊட்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டிருக்கிறது என்றார்கள். வலது கண்ணைக் காப்பாற்றிவிட்டார்கள். இடது கண் போனது போனதுதான். அவள் பேசிய பதிவை நான் யாருக்கும் அனுப்பவில்லை.

திரும்பி வந்தவளை ஸ்டூலில் உட்காரச் சொன்னேன். சொட்டு மருந்து எத்தனை வேளை, வலி இருக்கிறதா, படி இறங்கும்போது தெரிகிறதா என்று ஒன்றுவிடாமல் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். பிறகு அவள் ஒன்று கேட்டாள்.

"முன்னாடியே கேட்டிருந்தீங்கன்னா இந்தக் கண்ணு இருந்திருக்குமாங்க?"

"ஆமாம்மா, இருந்திருக்கும்" என்றேன்.