கைல ஏதோ கீது

எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு மூங்கில் கொம்பு சாய்ந்திருக்கிறது. ஒட்டடை அடிக்கிற கொம்பு. நுனியில் கட்டியிருந்த துடைப்பம் எப்போதோ உதிர்ந்துவிட்டது. கொடுத்தவர் கீழ்வீட்டு ஹவுஸ் ஓனர் அக்கா. போன ஆடியில் அவர் இறந்துபோனார். கொம்பைப் பார்க்கும்போதெல்லாம் அவர் சொன்ன ஒரு வாக்கியம் நினைவுக்கு வருகிறது. அதன் அர்த்தம்தான் இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

நாங்கள் தென்காசிப் பக்கம். கணவரின் ஃபேக்டரி வேலைக்காகச் சென்னையை ஒட்டிய பட்டாபிராம் வந்து, அக்கா வீட்டு மாடியில் குடியேறினோம். அந்த வருஷமே மழை வெளுத்து வாங்கியது. முழங்காலுக்கு மேல் தண்ணீர். எது ரோடு, எது சாக்கடை என்று தெரியவில்லை. அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இந்தக் கொம்பால் தரையைக் குத்திக் குத்திப் பார்த்தபடி கேட்டுக்கு வெளியே நின்றார். ஒரு முனையை அவர் பிடிக்க, மறு முனையைப் பிடித்துத் தெருவே எங்கள் மாடியில் கரையேறியது. எதிர்வீட்டு ஆட்டோக்காரர் தன் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். யார் வீட்டுப் பாலை யார் குழந்தை குடித்ததோ! இனிமேல் இதுதான் என் ஊர் என்று அன்று எனக்குத் தோன்றியது.

அடுத்த கோடையில் எல்லோர் போனிலும் ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது, பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுகிறார்கள் என்று. ஒரு மத்தியானம், சைக்கிளில் பெட்ஷீட் விற்க வந்த வடநாட்டுக்காரர் ஒருவர் எங்கள் கேட் நிழலில் ஒதுங்கி, அங்கே நின்ற ஒரு குழந்தையைப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவுதான், கூட்டம் கூடிவிட்டது. அவருக்குத் தமிழ் வரவில்லை; பதறிப் பதறி என்னவோ சொன்னார். யாரோ அறைந்ததில் உதடு கிழிந்தது. ஆட்டோக்காரர் கேட்டோரம் கிடந்த இதே கொம்பை எடுத்து ஓங்கினார். நான் மாடிக் கம்பியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் அடி விழுந்திருந்தால் அந்த மனிதரை யாராலும் காப்பாற்றியிருக்க முடியாது.

ஓங்கிய கொம்பின் மறுமுனையை அக்கா எட்டிப் பிடித்தார். "இன்னா நைனா, தெருவுல தண்ணி நிக்குதா? கொம்ப புட்ச்சிகினு கீறே?" என்றார். கூட்டத்தில் யாருக்கோ சிரிப்பு வந்துவிட்டது. ஆட்டோக்காரரின் முகம் சுண்டிப்போனது. கொம்பை விட்டுவிட்டார். அக்கா அந்த மனிதருக்குத் தண்ணீர் கொடுத்து, மெயின் ரோடு வரைக்கும் சைக்கிளோடு கூடவே நடந்துபோய் அனுப்பிவிட்டு வந்தார். பிறகு கொம்பை மாடிக்கு எடுத்துவந்து, "இது உன் ஊட்லயே கெடக்கட்டும்" என்று என்னிடம் நீட்டினார்.

எனக்கு மனசு ஆறவில்லை. "இவங்களை நம்பியா இங்க இருக்கோம்க்கா?" என்று கேட்டேன். அக்கா, "இவுங்க கைல ஏதோ கீதும்மா" என்றார். நான் சட்டென்று கொம்பைப் பார்த்தேன். எங்கள் ஊரில் கை என்றால் கைதான். இந்த ஊர்ப் பேச்சில் 'அவன் கைல சொல்லு' என்றால் அவனிடம் சொல்லு என்று அர்த்தமாம்; அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்படியானால், இவர்களிடம் இன்னும் ஏதோ நல்லது இருக்கிறது என்றாரா? இல்லை, இவர்கள் கையில் எப்போதும் ஏதோ ஒன்று இருக்கும், பார்த்து இரு என்றாரா? கேட்கலாம் கேட்கலாம் என்று இருந்து, கேட்காமலே போய்விட்டது. போனில் வருவதையெல்லாம் பார்க்கும்போது இரண்டாவதுதான் சரி என்று படுகிறது. அதே ஆட்டோக்காரர் என் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து பத்திரமாகக் கூட்டிவந்து இறக்கிவிடும்போது முதலாவது. மண்டை குழம்புவதுதான் மிச்சம்.

நேற்று விடாத மழை. சாயங்காலம் தெருவில் ஒரே சத்தம். என்ன சத்தம் என்று மாடியிலிருந்து புரியவில்லை. ஆட்டோக்காரர் வந்து கதவைத் தட்டினார். "அக்கா, அந்தக் கொம்பு கீதா?"

"எதுக்கு?" என்று என் வாயில் வந்துவிட்டது.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "தண்ணிக்குத்தான்க்கா."

கதவுக்குப் பின்னாலிருந்து கொம்பை எடுத்து ஒரு முனையை அவர் கையில் கொடுத்தேன். மறு முனையை விடாமல் பிடித்துக்கொண்டு நானும் படியிறங்கினேன்.