அஞ்சலை அம்மாவின் ரோசுக் கொடி

தோட்டத்தில் நாங்கள் முன்பு குடியிருந்த பழைய லயத்து வீடுகளை மண்வாரி இயந்திரம் வந்து தள்ளிய வருடம் இது. ஆற்றுத் தண்ணீர் இரண்டு தடவை ஏறி வந்து புக்கிட் ரோத்தான் போகும் சாலையை மூடியதும், மாரியம்மன் கோயில் அரசமரம் இடி விழுந்து பிளந்ததும் இதே வருடம்தான். எழுத்துத் தெரியாதவன் வருடத்தை இப்படித்தான் பிடித்து வைக்க முடியும். இரண்டாவது வெள்ளம் வடிந்து, படிக்கட்டில் சேறு காய்ந்துகொண்டிருந்த ஒரு காலையில் அஞ்சலை அம்மா போன செய்தி வந்தது.

அப்போது நான் அவர் வீட்டுச் சமையலறையில் நின்று, சன்னலோரத் தொட்டியில் இருந்த கொடியின் இலைகளை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் அந்த வேலை என்னுடையதாக இருந்தது. எதிர்வீட்டு லெட்சுமி வாசலில் வந்து நின்றாள். கையில் போன் இருந்தது.

"தாத்தா, பாட்டி போய்ட்டாங்க லா. இப்பதான் ஆஸ்பத்திரியில இருந்து கூப்பிட்டாங்க."

துடைத்துக்கொண்டிருந்த இலையில் பாதி மிச்சம் இருந்தது. அதைத் துடைத்து முடித்துவிட்டுத்தான் திரும்பினேன்.

பதினாறாம் நாளன்று கோயிலில் அவரைப் பற்றி வாசிக்க வேண்டும் என்று கேட்டார்கள். அவரை அதிக நாள் அறிந்தவன் நான் என்பதால் என்னிடம் வந்தார்கள். நான் சொல்லச் சொல்ல லெட்சுமி எழுதுகிறாள். தப்பாக எழுதினால் எனக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டேன்.

இந்த அடுக்குமாடியில் அவரை அறிந்தவர்களுக்கு அவர் மூச்சு வாங்கிக்கொண்டு படியேறும் ஒரு கிழவி. அதற்கு முந்திய அஞ்சலை அம்மாவைப் பார்த்தவர்கள் குறைவு. தோட்டத்தில் அவர் மருந்துச் செட்டில் இருந்தார். எண்ணெய் எடுக்கும் செம்பனை மரத்தடியில் முளைக்கும் புல்லையும், மரத்தைச் சுற்றி ஏறும் கொடியையும் மருந்து அடித்துக் கொல்வது அந்தச் செட்டின் வேலை. மருந்துப் பம்பை முதுகில் தூக்கியவர்கள் நான்கு பெண்கள்: அஞ்சலை அம்மா, மாரியாயி, பாப்பாத்தி, கோவிந்தம்மா. தண்ணீர் சுமந்து மருந்து கலக்கிக் கொடுத்தவன் நான். மருந்து டின்னில் மண்டையோட்டுப் படமும் அதற்குக் கீழே நிறைய எழுத்தும் இருக்கும். ஐந்து பேரில் ஒருவருக்கும் அந்த எழுத்துத் தெரியாது. படம் மட்டும் புரிந்தது.

கையுறை கொடுத்ததில்லை. ரொட்டி வந்த பிளாஸ்டிக் பைகளைக் கையில் மாட்டி ரப்பர் வளையம் போட்டுக்கொள்வார்கள். பத்து மணிக்குள் பை கிழிந்துவிடும். அஞ்சலை அம்மாவுக்கு வலது கையில் மூன்று விரல்களில் நகம் செத்து விழுந்தது. பிறகு முளைக்கவே இல்லை. ஆனாலும் அந்தச் செட்டில் சிரிப்பு வந்தது என்றால் அவரால்தான். புருசனுடைய முழுக்கைச் சட்டையை மாட்டி, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வருவார். "கண்ணு மட்டும் தெரியறதுக்கே இத்தன பேரு பாக்கறானுங்க. மூஞ்சியக் காட்டுனா தோட்டம் தாங்காது," என்பார்.

ஒரு நாள் எங்கள் வேலையைக் கண்காணிக்கும் மண்டோர் தூரத்தில் நின்றபடி கத்தினார். "ஏய் அஞ்சலை! காத்துக்கு எதிரா அடிக்காத!"

"காத்துகிட்ட நீங்களே சொல்லுங்க மண்டோரே. நான் சொன்னா அது கேக்க மாட்டேங்குது!"

மண்டோருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் சிரித்த அந்த நாளில் அவர் ஐந்து மாதம் முழுகாமல் இருந்தார். வயிற்றை மறைத்து, பம்பின் வாரை நெஞ்சுக்கு மேலே கட்டிக்கொண்டு அடித்தார். வேலைக்கு வராவிட்டால் அன்றைய கூலி இல்லை.

பிறந்தது பெண். தேவி என்று பெயர் வைத்தார்கள். குருவி மாதிரி இருந்தாள். மழை வந்தால் மூச்சு இழுக்கும். மருந்தினால்தான் அப்படி என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் நடக்கப் பழகும் முன்னே அப்பன் ஆறுமுகம் செம்பனைக் குலை தலையில் விழுந்து இறந்தான். அஞ்சலை அம்மா பம்பைத் தூக்கியே அந்தப் பிள்ளையைப் படிக்க வைத்தார்.

தோட்டம் கைமாறியது. எங்களை இந்த அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள். அஞ்சலை அம்மாவுக்கு மூன்றாம் மாடி, எனக்குக் கீழ்த்தளம். லயத்தில் புழங்கிய வாளி, நீலப் பீப்பாய், நாற்றுப் பண்ணையில் மருந்து அடிக்கும் சின்னக் கைப்பம்பு, எல்லாம் லோரியில் ஏறி வந்தன. நல்ல சாமானை யார் விட்டுவிட்டு வருவார்கள்?

தேவி செரண்டாவில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்கினாள். சனிக்கிழமையானால் மோட்டார் சைக்கிளில் வந்துவிடுவாள். பிறகு நோய் வந்து நாட்டையே பூட்டினார்கள். வீட்டில் அடைபட்ட சனங்களுக்குச் செடிப் பைத்தியம் பிடித்த காலம் அது. தேவியும் ஒரு கொடி வாங்கினாள். கரும்பச்சை இலையில் ரோஸ் நிறம், யாரோ சாயத்தைத் தெளித்த மாதிரி. ஓர் இலையில் திட்டாக இருக்கும், இன்னொன்றில் சரிபாதியாக இருக்கும். ஆங்கிலத்தில் ஏதோ இளவரசி என்று பெயர் சொன்னாள். அஞ்சலை அம்மாவின் வாயில் அது நுழையவில்லை. ரோசுக் கொடி என்றார். போனில் அதைக் காட்டித் தேவி சொன்னதை அவர் என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார்: "நீ கொன்ன கொடிக்கெல்லாம் சேத்து நான் ஒண்ணு வளக்கறேம்மா."

அடுத்த மழைக்காலம் வருவதற்குள் அந்த நோய் தேவியைக் கொண்டுபோனது. முகத்தைக் காட்டவில்லை. மூடிய பெட்டியைத் தூரத்தில் இருந்து பார்த்துக் கும்பிட்டோம். தேவியின் அறையில் கூடத் தங்கியிருந்த பெண் ஒரு துணிப்பையையும் அந்தத் தொட்டியையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். துணிப்பையை அஞ்சலை அம்மா பிரிக்கவே இல்லை. தொட்டியை மட்டும் சமையலறைச் சன்னலோரம் வைத்தார். அன்றிலிருந்து அவர் உயிர் வாழ்ந்தது அந்தக் கொடி உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். இதை நான் கூட்டிச் சொல்லவில்லை.

வளர்க்கத் தெரியாது அவருக்கு. முதலில் தண்ணீரை ஊற்றி ஊற்றி வேரை அழுக வைக்கப் பார்த்தார். மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால்தான் ஊற்ற வேண்டும் என்று லெட்சுமி சொல்லிக் கொடுத்தாள். மேற்கு வெயில் இலையைச் சுட்டது. மெல்லிய துணியைத் திரையாகக் கட்டினார். கொடி ஏறுவதற்கு நான் ஒரு குழாயில் தேங்காய் நாரைச் சுற்றி நட்டுக் கொடுத்தேன். கணுவில் இருந்து வேர் வந்து நாரைப் பிடித்துக்கொண்டபோது, "அண்ணே, வந்து பாருங்க. புள்ள இடுப்பு ஏறுற மாதிரியே ஏறுது," என்று கீழே வந்து கூப்பிட்டார்.

வெயில் காலத்தில் இலை ஓரம் கருகியது. காற்றில் ஈரம் போதவில்லை, இலைமேல் தண்ணீரைப் புகை மாதிரி தெளிக்கலாம் என்று லெட்சுமி போனில் பார்த்துச் சொன்னாள். தெளிப்பது என்றால் அஞ்சலை அம்மாவுக்குச் சொல்லித் தர வேண்டுமா? கட்டிலுக்கு அடியில் இருந்த கைப்பம்பை எடுத்தார். சோப்புப் போட்டுக் கழுவினார், வெயிலில் காய வைத்தார், மறுபடியும் கழுவினார். பிறகு மருந்துச் செட்டில் நாங்கள் செய்வதையே செய்தார்: மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். வாசம் வராவிட்டால் பம்பு சுத்தம். மண்டோர் சொல்லிக் கொடுத்த சோதனை அதுதான். எங்கள் மூக்கு எப்போதோ செத்துவிட்டது என்பதை நாங்கள் யாரும் நினைத்துப் பார்த்ததில்லை.

இரண்டு நாள் கழித்து என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போய்ப் பார்த்தேன். கொடியின் தலை வளைந்து கீழே தொங்கியது. இலைகள் காது மாதிரி சுருண்டிருந்தன, காம்பெல்லாம் முறுக்கிக் கிடந்தது. அந்த முறுக்கு எனக்குத் தெரியும். இன்று அடித்தால் நாளை கொடிகள் அப்படித்தான் முறுக்கிக்கொண்டு நிற்கும். வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது என்று மண்டோர் தலையாட்டுவது அதைப் பார்த்துத்தான்.

"எதுல அடிச்ச அஞ்சலை?"

கைப்பம்பைக் காட்டினார்.

"வெறும் தண்ணிதாண்ணே. தண்ணிதான் அடிச்சேன்." தரையில் உட்கார்ந்துவிட்டார். "வயித்துல இருக்கயில அவளுக்கு அடிச்சேன். இப்ப அவ கொடிக்கும் அடிச்சிட்டேன். என் கைக்கு வேற ஒண்ணும் தெரியாதாண்ணே?"

லெட்சுமி மண்டியிட்டுக் கொடியின் அடியைப் பார்த்தாள். மண்ணை ஒட்டி, திரைத்துணிக்குப் பின்னால் ஒரு கணுவும் ஓர் இலையும் முறுக்காமல் இருந்தன. மருந்து அங்கே எட்டவில்லை. "பாட்டி, இத வெட்டி தண்ணியில வச்சா வேர் வரும். சீக்கிரம் வெட்டணும், மேல இருந்து மருந்து இறங்கிடும்," என்றாள்.

வெட்ட அஞ்சலை அம்மாவின் கை வரவில்லை. கத்தியைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்து லெட்சுமிதான் வெட்டினாள். ஆனால் எதில் வைப்பது? தோட்டத்தில் இருந்து வந்த ஒரு பாத்திரத்தையும் அவர் நம்பவில்லை. வாளி, பீப்பாய், பேசின், எல்லாவற்றையும் அன்றைக்கே என்னைக் கொண்டு கீழே இறக்கிக் குப்பையில் போட வைத்தார். அந்த நீலப் பீப்பாய் மருந்து வந்த பீப்பாய். அதில்தான் தேவிக்குக் குளிக்கத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார். அதைத் தூக்கும்போது அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

கடைக்குப் போய்ப் புதிதாக ஒரு கண்ணாடிக் குவளையும் ஒரு சோடி கையுறையும் வாங்கி வந்தார். ஆயுசு முழுக்க விசத்தைத் தொட்டபோது இல்லாத கையுறை. அதை மாட்டாமல் அதற்குப் பிறகு அந்தக் கொடியை அவர் தொட்டதே இல்லை. "எனக்கு வராம இருக்க இல்லண்ணே. என்கிட்ட இருந்து அதுக்குப் போவாம இருக்க," என்றார்.

குவளைத் தண்ணீரை நாள் தவறாமல் மாற்றினார். கணுவில் அரிசி முனை மாதிரி வெள்ளையாக வேர் வந்தது. புது மண்ணில் வைத்தார். ஓர் இலை விட்டது, இன்னோர் இலை விட்டது, ஓரத்தில் கொஞ்சம் ரோசும் வந்தது. அதைக் கண்டுதான் அவர் மறுபடியும் சிரித்தார். ஆனால் அதற்குள் மூச்சு அவரை விட ஆரம்பித்திருந்தது. நுரையீரல் காய்ந்த நார் மாதிரி ஆகிவிட்டது, இனிமேல் திரும்பாது என்று டாக்டர் சொன்னாராம். கடைசி மழைக்கு முன் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

கடைசியாக அவரைப் பார்க்கப் போனபோது கொடி புதுத் துளிர் விட்டிருந்தது. முழுப் பச்சை. ஒரு பொட்டு ரோஸ்கூட இல்லை. காரில் போகும்போதே லெட்சுமி சொன்னாள்: "தாத்தா, ரோசு வந்திருக்குன்னே சொல்லிடுங்க. பச்சையா வளந்த எடத்த வெட்டிட்டா மறுபடி ரோசு வரும்னு போன்ல போட்டிருக்காங்க, நான் வெட்டிக்கிறேன். அவங்களுக்கு ஏன் இப்ப அந்தக் கவல?"

மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். என்னைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"துளிர் என்ன நிறம்ணே?"

லெட்சுமி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"பச்சை," என்றேன். "முழுப் பச்சை."

கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். லெட்சுமி அவசரமாக, "வெட்டிட்டா ரோசு வந்துடும் பாட்டி," என்றாள்.

"வெட்டாத." ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சைத் தேடி எடுத்தார். "ஆயுசு பூரா பச்சையக் கண்டா அடிச்சோம். இத விட்டுருங்க. தேவி... நிறத்தையா வளக்கறேன்னா? கொடிய வளக்கறேன்னுதான சொன்னா." பிறகு என்னைப் பார்த்து, "அண்ணே, கையுறை ரெண்டாவது டிராயர்ல இருக்கு. மறக்காம மாட்டிக்கிங்க. உங்க கையி என்ன, என் கையவிட சுத்தமா?" என்றார். சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்துவிட்டது.

அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

அடக்கம் முடிந்த மறுநாள் வீட்டைக் காலி செய்தார்கள். நான் கையுறையை மாட்டிக்கொண்டு தொட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கினேன். என் வீட்டில் வெளிச்சம் வருகிற சன்னல் ஒன்றுதான். அதன் அருகே வைத்திருக்கிறேன். முழுப் பச்சையாக நாரைப் பிடித்து ஏறிக்கொண்டிருக்கிறது. கத்தி வைக்கவில்லை அம்மா. வைக்கவும் விட மாட்டேன். நீங்கள் நிம்மதியாகப் பிள்ளையிடம் போங்கள்.

மாரியாயி ஈரல் வீங்கிப் போனார். பாப்பாத்தி பிள்ளை தங்காமலே வாழ்ந்து, ரத்தக் குறைவில் போனார். கோவிந்தம்மா போன வருடம் ராசா என்ற ஊரில் மகன் வீட்டில் கண் தெரியாமல் கிடந்து போனார். இப்போது அஞ்சலை அம்மா. எங்கள் மருந்துச் செட்டில் உயிரோடு மிச்சம் இருப்பது ஒரே ஓர் ஆள்: மருந்து கலக்கிக் கொடுத்த நான், முனியன் மகன் பெரியசாமி.